2026 கால்பந்து உலகக்கோப்பை: 104 ஆட்டத்தில் எதைப் பிடிப்பது, எதை விடுவது?

மூலைக்கொடி:

குரூப் பிரிப்பு முடிந்த நாளிலிருந்து தனிமடலில் ஒரே கேள்வி. "இவ்வளவு ஆட்டம் இருக்கிறதே, எங்கே ஆரம்பிப்பது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் இந்த இழை.

முதலில் கணக்கு. 48 அணிகள், நான்கு நான்காக 12 குரூப். ஜூன் 11-இல் ஆரம்பம், ஜூலை 19-இல் இறுதிப் போட்டி. அமெரிக்காவில் 11 நகரம், மெக்சிகோவில் 3, கனடாவில் 2. கத்தாரில் 64 ஆட்டம்தான்; இப்போது 104. கோப்பையைத் தூக்கும் அணி ஏழுக்குப் பதில் எட்டு ஆட்டம் ஆட வேண்டும், ஏனென்றால் 32 அணிகள் மோதும் ஒரு நாக்-அவுட் (தோற்றால் வெளியே) சுற்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 42 அணிகள் உறுதி. மீதி ஆறு இடம் மார்ச் மாத பிளேஆஃபில் (கடைசித் தகுதி ஆட்டங்களில்) முடிவாகும்.

ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு அணிகள் நேராக உள்ளே. கூடவே, 12 மூன்றாமிட அணிகளில் சிறந்த எட்டு. என் மொத்த யோசனையும் இங்கேதான் இருக்கிறது: இந்தத் தடவை மூன்றாமிடப் பட்டியலைப் பின்தொடருங்கள். பெயர் பெற்ற அணி ஆடுகிறதா என்று மட்டும் பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதி நாள் சப்பென்று போகும். ஜூன் 24 முதல் 27 வரை நான்கு நாள், நாளுக்கு ஆறு ஆட்டம், எல்லாமே குரூப்பின் கடைசிச் சுற்று. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதென்றால் அந்த நான்கு நாளுக்குக் கெடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைச் சுருக்கத்தில் பார்த்தால் போதும்.

மாற்றுக்கருத்து இருந்தால் வாருங்கள், பேசலாம்.

பழையரசிகன்:

மாற்றுக்கருத்து இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

குரூப் சுற்றில் மொத்தம் 72 ஆட்டம். 72 ஆட்டம் ஆடி வெளியே போவது வெறும் 16 அணி. முன்பு 48 ஆட்டத்தில் 16 அணி வெளியேறியது. அதாவது கூடுதலாக 24 ஆட்டம் ஆடியும் அதே 16 பேர்தான். ஒரு ஆட்டம் ஜெயித்தாலே ஏறக்குறைய உள்ளே என்றால் அப்புறம் எங்கே பதற்றம்? 32 அணிகள் இருந்தபோது முதல் ஆட்டம் தோற்றால் அடுத்த ஆட்டம் வாழ்வா சாவா. இப்போது முதல் ஆட்டம் தோற்றால், "சரி, மூன்றாமிடம் இருக்கிறதே" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். இதைப் போய் விறுவிறுப்பு என்கிறீர்களே.

மூலைக்கொடி:

ஐயா, நீங்கள் சொல்லும் கணக்கு சரி. முடிவுதான் சரியில்லை.

மூன்றாமிடத்துக்கு வாசல் திறப்பது புதிதல்ல. 1986, 1990, 1994 மூன்று உலகக்கோப்பையிலும் 24 அணிகள், ஆறு குரூப், சிறந்த நான்கு மூன்றாமிட அணிகள் உள்ளே. ஆறில் நான்கு, பன்னிரண்டில் எட்டு, விகிதம் ஒன்றுதான். அந்த வாசலில் நுழைந்தவர்கள் யார் என்று பாருங்கள். 1990-இல் அர்ஜென்டினா முதல் ஆட்டத்திலேயே கேமரூனிடம் தோற்று, மூன்றாமிடத்தில் தொற்றிக்கொண்டு வந்து, இறுதிப் போட்டி வரை போனது. 1994-இல் இத்தாலியும் அப்படியே, அயர்லாந்திடம் தோற்றுத் தொடங்கி, மூன்றாமிடத்தில் தப்பி, கடைசியில் பிரேசிலிடம் பெனால்டியில்தான் விட்டது. 2016 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) போர்ச்சுகல் மூன்று ஆட்டமும் டிரா, மூன்றாமிடம், கோப்பை.

1994 குரூப் ஈ ஞாபகம் இருக்கிறதா? மெக்சிகோ, அயர்லாந்து, இத்தாலி, நார்வே. நான்கு அணிக்கும் தலா நான்கு புள்ளி. நான்கு அணிக்கும் கோல் வித்தியாசம் (போட்டது கழித்தல் வாங்கியது) பூஜ்யம். அதிக கோல் போட்ட மெக்சிகோ முதலிடம், ஒரே ஒரு கோல் போட்ட நார்வே வீட்டுக்கு. அதையா பதற்றமில்லாத குரூப் என்பீர்கள்?

கணக்குப்பிள்ளை:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். "எத்தனை புள்ளி இருந்தால் தப்பிக்கலாம்" என்று எல்லோரும் கேட்பார்கள், அதனால் கடைசி மூன்று யூரோவையும் எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் ஆறு குரூப்புக்கு நான்கு மூன்றாமிடம், அதே விகிதம்.

நான்கு புள்ளி எடுத்த மூன்றாமிட அணி ஒன்றுகூட வெளியேறவில்லை.

மூன்று புள்ளியில்தான் கதையே இருக்கிறது. 2016-இல் வட அயர்லாந்தும் போர்ச்சுகலும் மூன்று புள்ளி, கோல் வித்தியாசம் பூஜ்யம், உள்ளே. அல்பேனியாவும் துருக்கியும் அதே மூன்று புள்ளி, வித்தியாசம் மைனஸ் 2, வெளியே. அடுத்த யூரோவில் உக்ரைன் மைனஸ் 1, உள்ளே. பின்லாந்து மைனஸ் 2, ஸ்லோவாக்கியா மைனஸ் 5, இரண்டும் வெளியே. 2024-இல் ஸ்லோவேனியா மூன்று டிரா போட்டு வித்தியாசம் பூஜ்யம், உள்ளே. ஹங்கேரி மைனஸ் 3, வெளியே.

கோடு எங்கே விழுகிறது என்று தெரிகிறதா? மூன்று புள்ளியோடு மைனஸ் 1 என்றால் பிழைத்தார்கள், மைனஸ் 2 என்றால் போனார்கள். மூன்று யூரோவிலும் இதற்கு விதிவிலக்கே இல்லை. உலகக்கோப்பையில் அணிகளின் தரம் இன்னும் ஏற்ற இறக்கமாக இருக்கும் என்பதால் இதே கோடு அப்படியே நிற்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கையில் ஒரு அளவுகோல் வேண்டும் என்றால் இதுதான்.

கடைசிநிமிஷம்:

நான் இங்கே புதுசு. ஒரு சந்தேகம் அண்ணா. அப்போ மூன்று கோல் பின்தங்கி, எண்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு அணி உயிரைக் கொடுத்து ஓடினால் அதில் அர்த்தம் இருக்கிறதா? எப்படியும் தோல்விதானே?

கணக்குப்பிள்ளை:

முழு அர்த்தமும் அதில்தான் இருக்கிறது தம்பி. 0-3 என்பதை 1-3 ஆக்கினால் மைனஸ் 3 மைனஸ் 2 ஆகிறது. மற்ற இரண்டில் ஒன்றை 2-0 என்று ஜெயித்து, ஒன்றை 0-1 என்று தோற்றால் மொத்தம் மைனஸ் 1. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதைப் பலர் குழப்பிக்கொள்வார்கள். குரூப்புக்குள் இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால் இந்த முறை முதலில் பார்ப்பது அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவை. மொத்த கோல் வித்தியாசம் அதற்கு அப்புறம்தான். கத்தார் வரை இது தலைகீழாக இருந்தது. ஆனால் வேறு வேறு குரூப்பின் மூன்றாமிட அணிகள் தங்களுக்குள் மோதியதே இல்லையே! அங்கே புள்ளி, கோல் வித்தியாசம், போட்ட கோல், அப்புறம் அட்டைக் கணக்கு, கடைசியில் ஃபிஃபா தரவரிசை. ஒரே கோல் ஒரு பட்டியலில் செல்லாக்காசாகவும் இன்னொரு பட்டியலில் தங்கமாகவும் இருக்கும்.

அட்டைக் கணக்கு என்றால் சிரிக்காதீர்கள். 2018-இல் ஜப்பானும் செனகலும் புள்ளி, வித்தியாசம், கோல் எல்லாவற்றிலும் சமம். நேருக்கு நேர் ஆடியதும் 2-2. ஜப்பானுக்கு நான்கு மஞ்சள் அட்டை, செனகலுக்கு ஆறு. செனகல் வெளியே.

நடுக்களம்:

அந்த ஜப்பான்-போலந்து ஆட்டத்தை நான் நேரலையில் பார்த்தேன். ஜப்பான் 0-1 பின்னால். அந்தப் பக்கம் கொலம்பியா செனகலுக்கு எதிராக ஒரு கோல் போட்ட செய்தி வந்ததும் ஜப்பான்காரர்கள் பின்வரிசையிலேயே பந்தை உருட்ட ஆரம்பித்தார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு முன்னே போகவே இல்லை. முன்னிலையில் இருந்த போலந்தும் அதைத் தட்டிப் பறிக்கப் போகவில்லை. அரங்கம் முழுக்க விசில், கூச்சல். கடைசிப் பத்து நிமிடம் அப்படியே ஓடியது. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

பழையரசிகன்:

பார்த்தீர்களா, நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி. கணக்குப் போட்டு ஆடுவது கால்பந்தா?

சரி, கணக்கு என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். குரூப் ஜே-யைப் பாருங்கள். அர்ஜென்டினா, அல்ஜீரியா, ஆஸ்திரியா, ஜோர்டான். அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் ஒரே குரூப்பில். விவரம் தெரிந்தவர்களுக்கு உடனே ஸ்பெயினின் கிஹோன் நகரம் நினைவுக்கு வரும். 1982 உலகக்கோப்பை, ஜூன் 25. மேற்கு ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இரண்டுமே உள்ளே, முந்தின நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி கோல். அதற்கப்புறம் யாரும் ஓடவில்லை. மேற்கு ஜெர்மனியையே தோற்கடித்திருந்த அல்ஜீரியா அப்படித்தான் வெளியேறியது. கடைசிச் சுற்று ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற ஏற்பாடு அந்த அவமானத்திலிருந்து வந்தது.

மூலைக்கொடி:

ஐயா, நான் எழுத நினைத்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். பாக்கியை நான் முடிக்கிறேன், ஏனென்றால் கதை இன்னும் சுவாரசியமானது.

ஒரே நேரத்தில் ஆடும் ஏற்பாடு ஒரு குரூப்புக்குள் மட்டும்தான் செல்லும். மூன்றாமிடப் பட்டியல் 12 குரூப்புக்கும் பொதுவானது. ஏ, பி, சி குரூப்புகள் ஜூன் 24-இல் முடிகின்றன. டி, ஈ, எஃப் 25-இல். ஜி, எச், ஐ 26-இல். கடைசியாக ஜே, கே, எல் 27-இல். ஏ குரூப்பில் மூன்றாமிடம் பிடித்த அணி மூன்று நாள் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். 27-ஆம் தேதி இறங்கும் அணிக்கோ என்ன வேண்டும் என்பது ஏறக்குறைய முழுசாகத் தெரிந்திருக்கும். டிரா போதுமா, ஒரு கோலில் தோற்றாலும் பரவாயில்லையா, எல்லாம்.

அந்த 27-ஆம் தேதியிலும் கடைசி நேரத்தில் நடக்கும் ஜோடி எது? கன்சாஸ் சிட்டியில் அல்ஜீரியா-ஆஸ்திரியா, டல்லாஸில் ஜோர்டான்-அர்ஜென்டினா. குரூப் சுற்றின் கடைசி இரண்டு ஆட்டம். டிரா செய்தால் இரண்டு பேருக்கும் லாபம் என்ற நிலைமை அன்று வந்தால், 1982-இல் ஏமாந்த நாடும் ஏமாற்றிய இரண்டில் ஒன்றும் ஒரே மைதானத்தில் நிற்கும். வராமலும் போகலாம். ஆனால் இந்தப் போட்டியின் முழு அட்டவணையில் நான் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பது இந்த ஆட்டத்துக்குத்தான்.

முன்னால் ஆடும் குரூப்புக்கு இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல அமைப்பு என்று நான் சொல்லவில்லை, பார்க்க வேண்டியது என்றுதான் சொல்கிறேன்.

சூட்கேஸ்:

எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தே பேசுகிறீர்கள். நேரில் போகிறவர்களுக்கும் நாலு வார்த்தை வேண்டாமா?

முதல் விஷயம், ஸ்டேடியத்தின் பெயரை நம்பாதீர்கள். விளம்பரப் பெயர்களை எடுத்துவிட்டு நகரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். "பாஸ்டன் ஸ்டேடியம்" இருப்பது ஃபாக்ஸ்பரோவில், பாஸ்டனிலிருந்து நல்ல தூரம். "சான் பிரான்சிஸ்கோ வளைகுடா" ஸ்டேடியம் சாண்டா கிளாராவில், அதாவது சான் ஹோசே பக்கம். "டல்லாஸ்" என்பது ஆர்லிங்டன். இறுதிப் போட்டி நடக்கும் "நியூயார்க் நியூஜெர்சி" ஸ்டேடியம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில். மேப்பில் ஸ்டேடியத்தைக் குத்திப் பார்த்துவிட்டு அப்புறம் ரூம் போடுங்கள். சியாட்டில், வான்கூவர், அட்லாண்டா மூன்றும் நிம்மதி, ஸ்டேடியம் ஊருக்குள்ளேயே, ரயிலில் இறங்கி நடந்தால் போதும். பிலடெல்பியாவிலும் பிராட் ஸ்ட்ரீட் சுரங்க ரயிலின் தெற்குக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஸ்டேடியம் பக்கம்தான். ஆர்லிங்டனுக்கு ஸ்டேடியம் வாசல் வரை ரயில் கிடையாது, முன்கூட்டியே வண்டிக்கு வழி பண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டிக்கெட் விசா அல்ல. டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா நேர்காணலை முன்கூட்டித் தரும் ஏற்பாடு ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். முன்கூட்டிக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். மூன்று நாடு, மூன்று குடியேற்றச் சட்டம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். கனடாவுக்குத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ போய்த் திரும்புவதாக இருந்தால் உங்கள் அமெரிக்க விசா ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள்.

மூன்றாவது, டிக்கெட் விலை நிலையாக நிற்காது, கிராக்கியைப் பொறுத்து ஏறும். ஆரம்பத்தில் அறிவித்த விலை 60 டாலரிலிருந்து 6,730 டாலர் வரை. ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் விற்பவரிடமும் 15 சதவீதம், வாங்குபவரிடமும் 15 சதவீதம் பிடிக்கிறார்கள். இதைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்தை இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் இழையைப் பூட்டிவிடுவார்.

கடைசிநிமிஷம்:

ஒரு அணியைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகப் போவது நடக்கிற காரியமா அண்ணா?

சூட்கேஸ்:

அணியைப் பொறுத்தது. மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்று மண்டலமாகப் பிரித்து, குரூப் ஆட்டங்கள் முடிந்தவரை பக்கத்துப் பக்கத்தில் வருகிற மாதிரி போட்டிருக்கிறார்கள். மெக்சிகோவின் மூன்று ஆட்டமும் மெக்சிகோவுக்குள்ளேயே. ஆனால் நாக்-அவுட் வந்தால் எல்லாம் கலைந்துவிடும். வான்கூவரிலிருந்து மயாமி சுமார் 4,500 கிலோமீட்டர்.

நேர மண்டலமும் குழப்பும். மெக்சிகோ 2022-இல் கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டுவிட்டது. ஜூனில் மெக்சிகோ சிட்டி டல்லாஸைவிட ஒரு மணி நேரம் பின்னால், நியூயார்க்கைவிட இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம்.

என்னைக் கேட்டால் அணியைத் துரத்தாதீர்கள், ஊரைப் பிடியுங்கள். டல்லாஸில் மட்டும் ஒன்பது ஆட்டம், மற்ற எந்த ஊரையும்விட அதிகம், அதில் ஒன்று அரையிறுதி. ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு நெதர்லாந்து-ஜப்பான், இங்கிலாந்து-குரோவேஷியா, அர்ஜென்டினா-ஆஸ்திரியா மூன்றையும் பார்க்கலாம். கூரையும் ஏசியும் இருக்கிற ஸ்டேடியம் என்பது கூடுதல் வசதி.

நடுக்களம்:

ஏசி என்றதும் ஞாபகம் வருகிறது, இதை வழிகாட்டியில் சேருங்கள்: வெயிலும் இடியும்.

ஒவ்வொரு பாதியிலும் நடுவில் மூன்று நிமிடம் தண்ணீர் இடைவேளை கட்டாயம். வெயில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா ஆட்டத்துக்கும். வீரர்களின் நலனுக்கு என்கிறார்கள். விளம்பரத்துக்கும் தோதாகப் போயிற்று என்று முணுமுணுப்பவர்களும் உண்டு, நான் அந்தக் கூட்டம். பயிற்சியாளர்களுக்கு இது கூடுதலாக இரண்டு முறை வகுப்பெடுக்கும் வாய்ப்பு. இடைவேளைக்கு முன்னும் பின்னும் ஆட்டத்தின் போக்கு மாறுகிறதா என்று பாருங்கள்.

இடி இன்னும் மோசம். அமெரிக்காவில் எட்டு மைல் தூரத்துக்குள் மின்னல் அடித்தால் ஆட்டம் 30 நிமிடம் நிற்கும். நடுவில் இன்னொரு மின்னல் வந்தால் அந்த 30 நிமிடம் மறுபடி முதலிலிருந்து. 2025 கிளப் உலகக்கோப்பையில் சார்லட் நகரில் செல்சி-பென்ஃபிகா ஆட்டம் இப்படித்தான். 86-ஆவது நிமிடம், செல்சி 1-0 முன்னிலை. நிறுத்தினார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்ப இறங்கினார்கள். உடம்பு ஆறிப்போன செல்சி பெனால்டி கொடுத்து, 1-1 ஆகி, கூடுதல் நேரத்தில் 4-1 ஜெயித்தது. முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை மொத்தம் நாலரை மணி நேரத்துக்கும் மேல். பிற்பகல் ஆட்டம் பார்க்க உட்காருகிறவர்கள் இதற்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

கோல்கிக்:

புது அணிகளைப் பற்றி யாரும் பேசவே இல்லையே? கேப் வெர்டே, குராசோ, ஜோர்டான், உஸ்பெகிஸ்தான். நான்குக்கும் இதுதான் முதல் உலகக்கோப்பை.

குராசோ கரீபியன் தீவு, மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தை ஒட்டி. உலகக்கோப்பைக்கு வந்த நாடுகளிலேயே மிகச் சிறியது, ஐஸ்லாந்தின் சாதனையை உடைத்துவிட்டது. ஜமைக்காவில் போய் 0-0 என்று தாக்குப்பிடித்து இடத்தைப் பிடித்தார்கள். முதல் ஆட்டமே ஜெர்மனியோடு, ஹூஸ்டனில். ஜோர்டான் சும்மா வரவில்லை, 2024 பிப்ரவரியில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டி வரை போன அணி. உஸ்பெகிஸ்தானுக்குப் பயிற்சியாளர் ஃபேபியோ கன்னவாரோ, 2006-இல் இத்தாலியின் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியவர்.

என் செல்லம் கேப் வெர்டே. அதிலும் பிக்கோ லோபஸ் என்கிற தடுப்பாட்டக்காரர். பிறந்து வளர்ந்தது டப்ளினில், அப்பா கேப் வெர்டேக்காரர். அந்த நாட்டுப் பயிற்சியாளர் லிங்க்ட்இனில் போர்ச்சுகீஸ் மொழியில் செய்தி அனுப்பினார். இவர் ஏதோ வெட்டி மெயில் என்று விட்டுவிட்டார். மாதக்கணக்காகிப் பயிற்சியாளர் மறுபடி கேட்டபோதுதான் மொழிபெயர்த்துப் பார்த்து, "எங்கள் அணிக்கு ஆட வருகிறாயா" என்று கேட்டிருப்பதைத் தெரிந்துகொண்டார். கேமரூனை முந்திக்கொண்டு தகுதி பெற்ற அணியின் தூண் அவர். ஜூன் 15, அட்லாண்டா, ஸ்பெயினுக்கு எதிராக முதல் ஆட்டம். மூலைக்கொடி அண்ணா சுருக்கத்தில் பார்க்கச் சொன்ன பட்டியலில் இதைச் சேர்த்தால் சண்டைக்கு வருவேன்.

மூலைக்கொடி:

சேர்க்க மாட்டேன், சண்டை வேண்டாம்.

பழையரசிகன்:

பழைய கணக்குத் தீர்க்கும் ஆட்டங்களையும் எழுதிவைக்கிறேன். எனக்கு இவைதான் ருசி.

முதல் ஆட்டம், ஜூன் 11, மெக்சிகோ-தென்னாப்பிரிக்கா. 2010-இலும் இதே ஜூன் 11, இதே இரண்டு அணிகள், அதுவும் தொடக்க ஆட்டம்தான். ஜோஹன்னஸ்பர்க்கில் 1-1. இப்போது மெக்சிகோ சிட்டி அஸ்டெக்காவில். 1970, 1986 இறுதிப் போட்டிகள் நடந்த மைதானம். மூன்று உலகக்கோப்பை கண்ட மைதானம் வேறு கிடையாது.

ஜூன் 16, பிரான்ஸ்-செனகல். 2002 தொடக்க ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் பிரான்ஸை செனகல் 1-0 என்று கவிழ்த்தது. குரூப் சி-யில் பிரேசில், மொராக்கோ, ஸ்காட்லாந்து மூன்றும் 1998-இலும் ஒரே குரூப்தான். அதற்கப்புறம் ஸ்காட்லாந்து உலகக்கோப்பைக்கு வருவதே இப்போதுதான். ஹைட்டி அதைவிட, 1974-க்கு அப்புறம் இப்போதுதான். அமெரிக்கப் பயணத் தடையில் ஹைட்டியும் இருப்பதால் வீரர்களுக்கு அனுமதி உண்டு, நாட்டிலிருந்து வரும் சாதாரண ரசிகனுக்கு இல்லை. 52 வருடம் காத்திருந்தவர்களுக்கு இப்படி.

நார்வேயும் 1998-க்குப் பிறகு இப்போதுதான். தகுதிச் சுற்றில் அவர்களின் முன்கள வீரர் எர்லிங் ஹாலண்ட் மட்டும் எட்டு ஆட்டத்தில் 16 கோல். ஜூன் 26-இல் பாஸ்டனில் பிரான்ஸோடு மோதுகிறார்கள்.

பந்துபொறுக்கி:

மெஸ்ஸி, ரொனால்டோ பெயரே இல்லாமல் இவ்வளவு தூரம் வந்த இழையை இப்போதுதான் பார்க்கிறேன் 😀

கணக்குப்பிள்ளை:

வந்துவிட்டது. இருவரும் களமிறங்கினால் இருவருக்கும் ஆறாவது உலகக்கோப்பை. இதுவரை ஆறு ஆடியவர் யாரும் இல்லை. உலகக்கோப்பை கோல் கணக்கில் ஜெர்மனியின் குளோசவின் 16 சாதனை. மெஸ்ஸி 13, பிரான்ஸின் எம்பாப்பே 12. எட்டு ஆட்டம் என்றாகிவிட்டதால் இந்தச் சாதனை உடைந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அர்ஜென்டினாவும் போர்ச்சுகலும் தங்கள் குரூப்பில் முதலிடம் பிடித்து, இரண்டு நாக்-அவுட்டும் ஜெயித்தால் கன்சாஸ் சிட்டியில் காலிறுதியில் சந்திப்பார்கள், ஜூலை 11.

நாக்-அவுட் வரைபடத்தில் இன்னும் இரண்டு இடம் கவனிக்க வேண்டியது. 12 குரூப் முதலிடங்களில் எட்டு பேருக்குத்தான் மூன்றாமிட அணி எதிரியாகக் கிடைக்கும். சி, எஃப், எச், ஜே குரூப்பில் ஜெயிப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. சி முதலிடம் எஃப் இரண்டாமிடத்தோடு, எஃப் முதலிடம் சி இரண்டாமிடத்தோடு. அதாவது பிரேசில் குரூப்பை ஜெயித்தாலும் முதல் நாக்-அவுட்டிலேயே நெதர்லாந்தோ ஜப்பானோ எதிரே நிற்கலாம். எச்-ஜே ஜோடியும் அப்படியே, அர்ஜென்டினாவுக்கு உருகுவே வாய்க்கலாம். மற்ற எட்டுப் பேருக்கு யார் எதிரி என்பது எந்தெந்தக் குரூப்பின் மூன்றாமிடம் உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தது. 12-இல் 8 என்றால் 495 விதம். அத்தனைக்கும் அட்டவணை போட்டு விதிமுறைப் புத்தகத்தின் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். 27-ஆம் தேதி இரவு வரை பாதிப் பயிற்சியாளர்களுக்கு அடுத்த எதிரி யாரென்றே தெரியாது.

நடுக்களம்:

இங்கிலாந்துக்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. இங்கிலாந்து எல் குரூப்பிலும் மெக்சிகோ ஏ குரூப்பிலும் முதலிடம் பிடித்து, இருவரும் முதல் நாக்-அவுட்டையும் தாண்டினால் ஜூலை 5-இல் மோதல். எங்கே? அஸ்டெக்காவில். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். உள்ளூர்க்காரர்களுக்குப் பழக்கம். போதாக்குறைக்கு, 1986-இல் மரடோனா கையால் தட்டி கோல் போட்டது இதே மைதானத்தில், இதே இங்கிலாந்துக்கு எதிராக.

கடைசிநிமிஷம்:

தலை சுற்றுகிறது. குரூப் சுற்றில் எனக்கு ஒரே ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும். எந்த நாள் எடுக்கட்டும்?

கோல்கிக்:

26. ஹாலண்ட்-எம்பாப்பே, அப்புறம் குவாடலஹாராவில் உருகுவே-ஸ்பெயின், கேப் வெர்டே-சவுதி. வேறு என்ன வேண்டும்?

மூலைக்கொடி:

27. இங்கிலாந்து பனாமாவோடு, குரோவேஷியா கானாவோடு, அப்புறம் மயாமியில் கொலம்பியா-போர்ச்சுகல், கடைசியில் அல்ஜீரியா-ஆஸ்திரியா. மூன்றாமிடப் பட்டியலைப் பக்கத்தில் இன்னொரு திரையில் திறந்து வைத்துக்கொள், ஒவ்வொரு கோலுக்கும் அது எப்படிக் குலுங்குகிறது என்று பார்.

பழையரசிகன்:

27-க்கு என் ஓட்டும். அமைப்பு பிடித்துப்போய்ச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், எனக்கு அல்ஜீரியா ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மட்டுறுத்துநர்:

இழையை மேலே ஒட்டிவைக்கிறேன். மார்ச் பிளேஆஃப் முடிந்ததும் மூலைக்கொடி முதல் பதிவில் மீதி ஆறு அணிகளைச் சேர்த்துவிடுங்கள். டிக்கெட் வாங்க, விற்க இங்கே பதிவு போட வேண்டாம். சூட்கேஸ், உங்கள் 15 சதவீதக் கருத்துக்குத் தனி இழை திறந்துகொள்ளலாம், பூட்ட மாட்டேன்.